உஷார்! ‘கிட்னிக்கு நல்லது’ என்று நீட்டுகிற டம்ளர்

சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று ராத்திரி உலை வைப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். எங்கள் சித்தப்பா விஷயத்தில் நாங்கள் தள்ளிப் போட்டோம்.

அவருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். ஒருநாள் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் தளர்ந்ததைக் காட்டுகிற கிரியேட்டினின் 3.8 என்று வந்தது. “சாப்பாட்டுல ஜாக்கிரதையா இருங்க” என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். எதில் ஜாக்கிரதை, எவ்வளவு ஜாக்கிரதை என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஊரே சொல்ல ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அக்கா வாழைத்தண்டுச் சாறு என்றார். வாட்ஸ்அப்பில் மூக்கிரட்டைக் கீரை வந்தது. மாமா ஒருவர் இந்துப்புப் பாக்கெட்டோடு வந்து நின்றார். தேய்பிறை அஷ்டமி அன்று எங்கள் தர்மபுரி அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணி விளக்கு ஏற்றிவிட்டு வெளியே வந்த சித்தப்பாவை இளநீர்க் கடைக்காரர் கூப்பிட்டார். “வாங்கண்ணா, கிட்னிக்கு இத விட்டா மருந்தே கெடையாது. தெனம் ரெண்டு குடிங்க.”

குடித்தார். தினமும் இரண்டு. காலையில் வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு ஒரு சொம்பு.

பத்தாம் நாள் விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. “காலு ரெண்டும் ஈரத்துணி மாதிரி தொவளுதுடா” என்றார். வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, காய்ச்சல் இல்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போல என்றுதான் நினைத்தோம். சித்தி மட்டும் பிடிவாதமாக வண்டி வைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஈசிஜி தாளில் கோடுகள் கூடாரம் போட்ட மாதிரி கூம்பி நின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் 7.1. நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள், பிறகு குளுக்கோஸோடு இன்சுலின், சாயங்காலமே டயாலிசிஸ். டியூட்டி டாக்டர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “என்ன குடிச்சாரு?”

நல்லது என்று நம்பி நாங்களே வாங்கிக் கொடுத்ததைத்தான் குடித்தார். அதனால்தான் இவ்வளவு பதறி எழுதுகிறேன்.

பொட்டாசியம் ஒன்றும் விஷமில்லை. தசை அசைவதற்கும் இதயம் துடிப்பதற்கும் அது வேண்டும். ரத்தத்தில் 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டும், மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். சிறுநீரகம் தளர்ந்துபோனால் தள்ள ஆளில்லை, அளவு ஏறிக்கொண்டே போகும். 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடக்கூடும். ஒரு டம்ளர் இளநீரில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. வெயிலில் வேலை செய்து வருகிற நல்ல உடம்புக்கு அது அமிர்தம். சித்தப்பா உடம்புக்கு அப்படி இல்லை. இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது, எங்கள் யாருக்கும் அன்று தெரியாது: பிரஷருக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிற டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. மாத்திரை ஓடுகிறது என்றால் பொட்டாசியம் டெஸ்ட்டும் கூடவே ஓட வேண்டும்.

நம் ஊரில் நடக்கிற பெரிய குழப்பம் எங்கே என்றால், ‘கிட்னி பிரச்சினை’ என்று இரண்டு நோய்க்கும் ஒரே பெயர் சொல்வதில்தான். சிறுநீரகக் கல் ஒன்று, சிறுநீரகம் செயலிழப்பது வேறொன்று. கல் இருப்பவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வாழைத்தண்டு, சிறுகண்பீளை, நெருஞ்சில் கஷாயம் என்று தாத்தா காலத்திலிருந்து வருகிற கைப்பக்குவம் எல்லாம் கல்லுக்கும் நீர்க்கடுப்புக்கும் சொன்னது. கல் கரைந்ததாகச் சொல்கிற ஒருவர் அதே பக்குவத்தைக் கிரியேட்டினின் ஏறிய ஒருவருக்குச் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, மனசாரத்தான் சொல்கிறார். கேட்பவருக்குச் சிறுநீரே சரியாகப் பிரியவில்லை, கால் வீங்கிக் கிடக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் பெயரைத் தாங்கிய மண் இது. கனியும் மூலிகையும் கொடுத்து ஆயுளை நீட்ட வேண்டும் என்ற ஆசை நமக்கு ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அந்த ஆசைக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: கல்லா, செயலிழப்பா?

மூலிகை என்றால் பின்விளைவே இல்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1990-களில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் நிரந்தரமாகப் போனது. காரணமான மூலிகை அரிஸ்டோலோக்கியா இனம். நம் காட்டோரம் முளைக்கிற ஆடுதின்னாப்பாளையும் அதே இனம்தான்.

உப்புக்கு வருகிறேன். நாள் முழுவதற்கும் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அதற்குள் நிற்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்த டீஸ்பூனுக்குள் அடக்கம். இந்துப்புக்கு மாறினால் கிட்னி சரியாகும் என்பது கட்டுக்கதை. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. அதைவிட ஆபத்தானது, கடையில் ‘குறைந்த சோடியம்’ என்று அட்டை போட்டு விற்கிற உப்பு. சோடியத்தைக் குறைத்த இடத்தில் அவர்கள் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இப்படிப்பட்ட உப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தபோதே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று தனியாகச் சொல்லிவிட்டது. பிரஷருக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்வார். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இனி களி. தர்மபுரிக்காரனிடம் களியைப் பற்றிப் பேசுவது அம்மாவைப் பற்றிப் பேசுவது மாதிரி, பார்த்துத்தான் பேச வேண்டும். 2023-லிருந்து நம் மாவட்ட ரேஷன் கடைகளிலேயே 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். சர்க்கரை உள்ளவர்கள் அரிசியை விட்டுக் களிக்கு மாறியிருக்கிறார்கள். ஆனால் தீட்டிய அரிசியைவிடக் கேழ்வரகில் பொட்டாசியம் ஏறக்குறைய நான்கு மடங்கு, அதைப் போலவே தளர்ந்த சிறுநீரகம் தள்ள முடியாத பாஸ்பரஸ் இரண்டு மடங்கு. அதற்காகக் களியை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, பொட்டாசியம் அளவோடு இருக்கிறவர் வீணாக ஏன் நிறுத்த வேண்டும்? தானியத்தில் இருக்கிற பாஸ்பரஸ் முழுசாக உடம்பில் சேர்வதும் இல்லை. ரிப்போர்ட்டில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஏறியிருந்தால் மட்டும் மூன்று வேளைக் களியை ஒரு வேளையாக்குவது, உருண்டையைச் சிறிதாக்குவது என்று டாக்டரிடமோ ஊட்டச்சத்து நிபுணரிடமோ பேசி முடிவு செய்யுங்கள். களிக்குத் தொட்டுக்கொள்கிற கீரைக் குழம்பும் புளியும்தான் பொட்டாசியத்தில் அதைவிடக் கனம்.

பாஸ்பரஸில் நிஜமாகவே பயப்பட வேண்டியது பாக்கெட்டுகளுக்குத்தான். பதப்படுத்திய இறைச்சி, கோலா பானம், சில நூடுல்ஸ் இவற்றில் சேர்க்கிற பாஸ்பேட் உப்பு பெரும்பாலும் அப்படியே ரத்தத்தில் கலந்துவிடும். அட்டையில் 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை எண்கள் இருந்தால் அது பாஸ்பேட். 508 என்றால் பொட்டாசியம் குளோரைடு.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கென்று தனிக் கவலை ஒன்று உண்டு. நம் போர் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். உடம்புக்குள் போன ஃபுளோரைடையும் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும், தளர்ந்த சிறுநீரகத்தால் முடியாமல் அது எலும்பில் தங்கும். அதனால் குடிக்க மட்டுமல்ல, உலைக்கும் களிக்கும் கூட்டுக் குடிநீரையே வையுங்கள்.

ஒரு சத்தியமான ஆபத்து பாக்கி இருக்கிறது: நட்சத்திரப் பழம். வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அது. சிறுநீரக நோயாளி ஒரே ஒரு பழம் சாப்பிட்டாலும் நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரே போயிருக்கிறது. பிரேசில் டாக்டர்கள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் தங்கை மாதிரியான பிலிம்பிப் புளிச்சாறைக் கொழுப்புக் குறைய என்று குடித்துச் சிறுநீரகம் நின்றுபோன பத்துப் பேரைப் பற்றிக் கேரள டாக்டர்கள் 2013-ல் எழுதினார்கள். அவர்கள் குடிப்பதற்கு முன் சிறுநீரக நோயாளிகளாகக்கூட இல்லை. மலை ஏறும்போது யாராவது நட்சத்திரப் பழம் வெட்டிக் கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு இன்னொரு கூத்து நடக்கும். அதுவரை சொன்னது பாதி தலைகீழாகிவிடும். டயாலிசிஸ் இல்லாதவருக்குப் புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் போதும். 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். டயாலிசிஸில் புரதம் கழிந்து போவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். சித்தப்பாவுக்கு ஆறு மாசம் முட்டையே கொடுக்காமல் வைத்திருந்தோம், பழைய பேப்பரில் ‘புரதம் குறைக்கவும்’ என்று இருந்ததால். கை எலும்பும் தோலுமாகிவிட்டது. இப்போது தினமும் இரண்டு முட்டை வெள்ளைக்கரு. தண்ணீருக்கோ கட்டுப்பாடு வந்துவிட்டது. கூழ், மோர், ரசம் எல்லாமே தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். ஆகவே பக்கத்து பெட்காரரின் உணவுப் பட்டியலை போட்டோ எடுத்து வராதீர்கள். அவருடைய ரத்தம் வேறு, உங்களுடையது வேறு.

சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரைச் சோதித்து 2025-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஐந்து பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. வெயிலில் வேகும் உழைப்புமேல்தான் சந்தேகம். எனக்கு ஒன்றும் இல்லையே என்று சொல்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நோய் இருக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் மூன்று எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பொட்டாசியம், பாஸ்பரஸ், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர்.

சித்தி இப்போது காயைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டு வேகவைத்து வடிக்கிறார். பீர்க்கன், புடலை, சுரைக்காய் அதிகம். வடித்த தண்ணீரில்தான் பொட்டாசியம் இறங்கியிருக்கும், அதனால் அதில் ரசம் வைப்பதில்லை, கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுகிறார். போன ரிப்போர்ட்டில் 4.9.

போன அஷ்டமிக்குக் கோயிலுக்குப் போயிருந்தோம். அதே கடைக்காரர் கூப்பிட்டார். சித்தப்பா நின்று, நடந்ததை எல்லாம் சொன்னார். காய் சீவிக்கொண்டிருந்தவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

“எங்கம்மாவுக்கும் கிட்னிதாண்ணா” என்றார். “தெனம் நாந்தான் வெட்டிக் குடுக்கறேன்.”

கடையைப் பக்கத்துப் பூக்காரம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவரையும் ஏற்றிக்கொண்டு அந்த அம்மாவுக்கு ரத்தம் எடுக்கக் கிளம்பினோம்.