இலைமேற் படிந்த கருமை

வீட்டு முற்றத்து எலுமிச்சையிலோ கொய்யாவிலோ இலைகள் கரி பூசினாற்போலக் கறுத்திருப்பதை நம்மிற் பலர் கண்டிருப்பர். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் அக்கரி பெரும்பாலும் அகன்றுவிடும். பச்சை இலை கீழே தென்படும். பூச்சிகள் கழிக்கும் இனிய நீரை உண்டு இலைமேற் படர்வது அது, இலையினுள்ளே புகுவதில்லை. காட்டு மரங்களின் இலைகளிலே வட்ட வட்டமாகக் காணப்படும் இன்னொரு கருமை அத்தகையதன்று. துடைத்தால் அது எளிதிற் போகாது. இலையின் மேற்றோலைத் துளைத்து உறிஞ்சுறுப்புக்களை உட்செலுத்தி, உயிருள்ள இலையின் சாற்றை உண்டே அது வாழ்கிறது. கரும்பூஞ்சணம் என வழங்கும் இப்பங்கசுகளுட் பெரிய சாதி மெலியோலா. அப்பெயரை 1825 இல் இட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் எலியாஸ் பிரீஸ். இன்று அச்சாதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் பெயர் பெற்றுள்ளன.

அவ்வளவு பெயர்கள் இருக்க, கையிலுள்ள ஒன்றைப் புதியதென்று எவ்வாறு கூறுவது?

முதலில் அதனைச் சிதையாமல் இலையிலிருந்து எடுக்கவேண்டும். இதற்குக் கையாளும் உபாயம் சுவையானது. மகளிர் நகத்திற் பூசும் நிறமற்ற பூச்சில் ஒரு துளியை அக்கருமையின்மேல் இட்டு, மெல்லிய தூரிகையாற் பரப்பி உலரவிடுவர். உலர்ந்ததும் இலையைச் சற்றே மடித்தால் பூச்சு ஏடாய்க் கிளம்பும். பங்கசும் அதனோடு வந்துவிடும். விலை உயர்ந்த கருவி எதுவும் இவ்வேலைக்கு வேண்டியதில்லை.

நுணுக்குக்காட்டியிலே கபில நிறமான இழைகள் கிளைத்தோடுவதும், அவற்றின் ஓரங்களில் இருகலங்கொண்ட சிறு தலைகள் நிற்பதும் தெரியும். இழைகளிலிருந்து விறைத்த மயிர்கள் எழுந்தால் அது மெலியோலா. மயிர்கள் வித்திக்கூட்டில் மட்டும் இருந்தால் இரெனோப்சிஸ். எங்குமே இல்லையெனில் அஸ்தெரிதியெல்லா. வித்திகள் பெரும்பாலும் நான்கு தடுப்புக்களாற் பிரிந்த ஐந்து கலங்களை உடையன.

பெல்ஜிய அறிஞர் பீலி 1920 இல் இவ்வியல்புகளை எண்களாற் குறிக்கும் வழியொன்றை வகுத்தார். 3111.4223 என்பதுபோல எட்டு இலக்கங்கள். புள்ளிக்கு முன்னுள்ளவை உருவத்தையும் பின்னுள்ளவை அளவையும் சொல்லும். சாதகக் குறிப்புப் போன்ற இவ்வெண்ணைக் கண்டு மாணவர் மயங்கவேண்டா. ஒரே எண்ணைப் பல இனங்கள் பெறுதல் உண்டு. எண் தேடலைச் சுருக்குமேயன்றித் தீர்ப்பு வழங்காது.

தீர்ப்பிற் பெரும்பங்கு பங்கசைத் தாங்கும் மரத்துக்கே உரியது. உகண்டாவிற் பணியாற்றிய ஹான்ஸ்போர்ட் 1961 இல் வெளியிட்ட பெருநூலும், கேரளத்துப் பாலோட்டில் ஆய்வு செய்த ஹொசகவுடர் 1996 இல் வெளியிட்ட இந்திய மெலியோலா நூலும் மரக் குடும்பங்களைப் பற்றியே தேடச் சொல்கின்றன. அதே குடும்பத்து மரங்களில் முன்னர் கண்டவற்றோடு ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தாவிடிற் புதியது என்பர். மரத்தின் பெயர் பிழைத்தால் ஒப்பீடு முழுவதும் பிழைக்கும். பழைய பங்கசொன்று புதுப்பெயர் சூடி நூலேறிவிடும்.

இத்தகைய பிழைகளை இலங்கையும் அறியும். பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் அனுப்பிய பங்கசுகளைப் பேர்க்லி, புரூம் எனும் இருவர் இங்கிலாந்திலிருந்து ஆராய்ந்து 1870களிற் பெயரிட்டனர். கடல் கடந்த உலர்ந்த மாதிரிகளே அவர்களுக்கு ஆதாரம். 1905 இற் பேராதனைக்கு வந்த தொமஸ் பெச், பச்சை மாதிரிகளைத் தாமே சேகரித்து அப்பெயர்களை மீண்டும் சோதித்தார். திருத்தங்களைத் தொடராக எழுதினார். பிஸ்பியுடன் அவர் தொகுத்த இலங்கைப் பங்கசுப் பட்டியல், அவர் மறைந்தபின் 1950 இல் வெளிவந்தது. புதியன கண்டவரைக் கொண்டாடும் நாம் பழையன திருத்தியவரை மறந்துவிடுகிறோம் என்பது என் குறை.

2012 தொடக்கம் புதுப்பெயருக்கு இலத்தீன் விவரணம் கட்டாயமன்று, ஆங்கிலமும் போதும். மரபணுச் சோதனையும் இப்போது துணை நிற்கிறது. ஆயினும் இப்பங்கசு உயிருள்ள இலையையன்றி ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்வதில்லை. ஆதலால் அதனைத் தாங்கும் இலையை மூலமாதிரியாக உலர்த்திப் பேணவேண்டும். கொண்டுவந்த கிளையிற் பூவோ காயோ இல்லையெனில் மரத்தை ஐயமறத் துணிவதும் அரிது. அப்போது பூக்கும் பருவம் வரை காத்திருந்து அதே காட்டுக்கு மீண்டும் போகவேண்டும். அதுவரை அம்மரம் அங்கே நிற்கவும் வேண்டும்.