பத்தாயிரம் என்றால் எத்தனை மணி நேரம்?

2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு. டீசலும் உலை எண்ணெயும் வாங்க டொலர் இல்லை. நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மின்சார சபையின் அட்டவணை ஊர்களை ஏ, பி, சி என்று எழுத்துவாரியாகப் பிரித்து, எந்த எழுத்துக்கு எப்போது கரண்ட் போகும், எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிஃப்ட் நின்றது. மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பும் நின்றது. கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்குள் ஃபேன் இல்லாமல் பத்து நிமிடம் இருக்க முடியாது. அந்த மே மாதம் நடக்கவிருந்த சாதாரண தரப் பரீட்சைக்கு எத்தனையோ பிள்ளைகள் ரோச் லைட்டிலும் மெழுகுதிரியிலும் படித்தார்கள்.

கரண்ட் எப்போது போகும் என்பது அட்டவணையில் இருந்தது. கையில் இருக்கும் பற்றரி எப்போது கைவிடும் என்பதற்கு அட்டவணை இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பவர் பேங்க், ரீசார்ஜ் ஃபேன், ரூட்டருக்கான குட்டி யுபிஎஸ் என்று சனம் தேடித்தேடி வாங்கியது. பெட்டிக்குப் பெட்டி ஓர் எண்: 8,800, 10,000, 20,000. இந்த எண்ணை மணி நேரமாக மாற்றுவது பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பிள்ளை செய்யக்கூடிய கணக்குத்தான். ஆனால் கணக்குக்குத் தேவையான இரண்டு எண்களில் ஒன்றைத்தான் பெட்டி பெரிய எழுத்தில் போடுகிறது. மற்ற எண்ணையும் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

பெரிய எழுத்தில் இருப்பது மில்லி அம்பியர் மணி. பற்றரி எவ்வளவு மின்னேற்றத்தை வைத்திருக்கிறது என்பதன் அளவு அது. தொடர்மாடியின் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லீற்றர் தொட்டி தரையில் இருந்தால் ஒரு குழாய்கூட ஒழுங்காக ஓடாது. அதே தொட்டி ஆறாம் மாடிக்கு மேல் இருந்தால் கீழ்வீட்டில் தண்ணீர் பீறிட்டு வரும். லீற்றர் ஒன்றுதான், உயரம் வேறு. பற்றரியின் உயரம் வோல்ற்று. மின்னேற்றத்தை வோல்ற்றால் பெருக்கினால்தான் அது செய்யக்கூடிய வேலை தெரியும். அந்தப் பெருக்குத்தொகை வாற்று மணி.

வாற்று மணி நமக்குப் புதியது அல்ல. மாதாந்த மின்பட்டியலில் ஓர் அலகு என்று வருவது ஆயிரம் வாற்று மணி. 10,000 மில்லி அம்பியர் மணி என்றால் 10 அம்பியர் மணி. அதை உள்ளே இருக்கும் இலிதியம் கலத்தின் 3.7 வோல்ற்றால் பெருக்க 37 வாற்று மணி. அதாவது மின்பட்டியலின் ஓர் அலகைச் சேமிக்க இப்படியான பவர் பேங்க் 27 வேண்டும். இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் நாம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம் என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே விளங்கிவிடும்.

இந்த 3.7 எங்கிருந்து வந்தது? கலத்துக்குள் இருக்கும் இரசாயனம் விதித்த எண் அது. ஒக்ஸ்ஃபோர்டில் ஜோன் குடினஃப்பின் குழு 1980இல் இலிதியம் கோபால்ற்று ஒட்சைட்டைக் கொண்டு 4 வோல்ற்று அளவுக்கு ஏறலாம் என்று காட்டியது. 1985இல் ஜப்பானின் அக்கிரா யொஷினோ மறுமுனைக்குக் காபனைப் பயன்படுத்தி அதைப் பாதுகாப்பான கலமாக்கினார். 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. குடினஃப், யொஷினோ இருவருக்கும், இந்த வழியை முதலில் திறந்த ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குடினஃப்புக்கு வயது 97. கோபால்ற்றுக்குப் பதில் இரும்புப் பொசுபேற்று போட்ட கலம் ஆயுள் கூடியது, ஆனால் வோல்ற்று 3.2தான், அதே 10,000 அங்கே 32 வாற்று மணியாகிவிடும். ஈயம்–அமிலக் கலம் ஒன்றுக்கு 2 வோல்ற்று. ஆகவே வோல்ற்றைச் சொல்லாமல் மில்லி அம்பியரை மட்டும் சொல்வது அளவு சொல்வதே ஆகாது.

இனிக் கையில் இருக்கும் போனைப் பார்ப்போம். 5,000 மில்லி அம்பியர் மணி பற்றரி உள்ள போனை 10,000 பவர் பேங்க் இரண்டு முறை நிரப்பும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பவர் பேங்க் 3.7 வோல்ற்றை 5 வோல்ற்றாக உயர்த்தித்தான் வயருக்குள் அனுப்புகிறது. போன் அதை மறுபடி இறக்கித் தன் பற்றரிக்குள் விடுகிறது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது. சார்ஜ் ஏறும் போனைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அந்த இழப்புத்தான். 37இல் ஏறக்குறைய 28 வாற்று மணிதான் போனுக்குள் சேரும். போனின் பற்றரி ஏறக்குறைய 19 வாற்று மணி. ஒன்றரை முறை நிரம்பும், இரண்டு முறை நிரம்பாது. நேர்மையான நிறுவனங்கள் இதைப் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கச் சிரமமான எழுத்தில், 6,000 சொச்சம் என்று போட்டிருக்கும். அந்த எழுத்தைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

ரூட்டருக்கு வாங்கும் குட்டி யுபிஎஸ்ஸில் ஏமாற்றம் இன்னும் பெரியது. 8,800 என்று போட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரூட்டரின் அடப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ற்று, 1 அம்பியர் என்றிருக்கும். அது உச்ச அளவு. வீட்டு ரூட்டர் பெரும்பாலான நேரம் 8 வாற்றளவில்தான் எடுக்கிறது. 12 வோல்ற்றில் அது 0.67 அம்பியர். 8.8ஐ 0.67ஆல் வகுத்தால் 13 மணி நேரம் வரும். 2022இல் எல்லோரும் கேட்க ஆசைப்பட்ட அதே 13! ஆனால் 8.8 என்பது உள்ளே உள்ள 3.7 வோல்ற்றுக் கலங்களின் கணக்கு, 0.67 என்பது வெளியே வரும் 12 வோல்ற்றின் கணக்கு. இரண்டையும் ஒன்றோடொன்று வகுக்கக் கூடாது. வாற்று மணியாக்கினால் 32.6; மாற்றும் இழப்பு போக 27 அல்லது 28; அதை 8ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம். ஒரு பிள்ளையின் இணைய வகுப்புக்கு அது போதும், இரவு முழுவதும் போதாது. இதைத் தெரிந்து வாங்குவதற்கும் இருட்டில் தெரிந்துகொள்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்.

ரீசார்ஜ் ஃபேனில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மலிவான ஃபேன்கள் பலவற்றில் 6 வோல்ற்று, 4.5 அம்பியர் மணி ஈயப் பற்றரி இருக்கும். பெருக்கினால் 27 வாற்று மணி. ஈயப் பற்றரியின் இந்த 4.5 என்பது, 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறக்கினால் கிடைக்கும் அளவு. அவசரமாக உறிஞ்சினால் அவ்வளவையும் அது தராது. இதை 1897இலேயே வில்ஹெல்ம் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் சூத்திரமாக்கிவிட்டார். ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது 4 வாற்று எடுத்தால் ஐந்து மணி நேரத்தை எதிர்பார்க்கலாம். உச்ச வேகத்தில் 15 வாற்று எடுத்தால், வெறும் வகுத்தல் ஒரு மணி 48 நிமிடம் என்று சொல்லும். நடைமுறையில் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கைக்குழந்தை உள்ள வீட்டில் இரவு எந்த வேகத்தில் ஃபேனை விடுவது என்பது இந்தக் கணக்கில் தங்கியிருக்கிறது.

அவசர உறிஞ்சலின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் இலத்திரனியல் சிகரெட்டைப் பார்க்கலாம். 2003இல் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர் உருவாக்கிய அந்தக் கருவி இன்று உலகம் முழுக்கப் பரவி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பையில்கூட வந்துவிட்டது. நிக்கொட்டின் எந்த வழியாக உள்ளே போனாலும் அடிமையாக்கும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதன் பற்றரி நமக்கு ஒன்றைக் கற்றுத்தருகிறது. ஒரு கம்பிச்சுருளை இரண்டு மூன்று வினாடிக்குச் சூடாக்கி நிறுத்த வேண்டும்; பிறகு ஓய்வு; பிறகு மறுபடி. இங்கே மணி நேரத்தைக் கேட்டால் பதில் வராது, எத்தனை இழுப்பு என்றுதான் கேட்க வேண்டும்.

ஒருமுறை பாவித்து எறியும் வகை ஒன்றில் 550 மில்லி அம்பியர் மணி பற்றரி, பெட்டியில் 600 இழுப்பு என்ற விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். 0.55ஐ 3.7ஆல் பெருக்கினால் 2 வாற்று மணி. ஒரு வாற்று ஒரு வினாடியில் செய்யும் வேலையான யூலில் சொன்னால் ஏறத்தாழ 7,300. அதை 600ஆல் வகுத்தால் ஓர் இழுப்புக்கு 12 யூல். சுருள் 8 வாற்று எடுத்தால் அது ஒன்றரை வினாடி. இவ்வகைக் கருவிகளை ஆய்வுகூடத்தில் சோதிக்கும் சர்வதேச நியமத்தில் ஓர் இழுப்பு 3 வினாடி. அப்படிப் பார்த்தால் 600 பாதியாகி 300 ஆகிவிடும். மீண்டும் சார்ஜ் ஏற்றும் வகைக்கும் கணக்கு இதுதான்: 1,500 மில்லி அம்பியர் மணி என்றால் 20,000 யூல், 15 வாற்றில் 3 வினாடி இழுத்தால் தடவைக்கு 45 யூல், காகிதத்தில் 444 இழுப்பு. கையில் அதைவிடக் குறையும்.

ஏன் குறையும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. எந்தப் பற்றரிக்குள்ளும் ஒரு தடை உண்டு. சின்னக் கலத்தில் அது 0.1 ஓம் என்று வைத்தால், 4 அம்பியரை ஒரேயடியாக இழுக்கும்போது 0.4 வோல்ற்று உள்ளேயே விழுந்துவிடும். 3.6இல் இருக்கும் கலம் அந்தக் கணத்தில் 3.2ஆகத் தெரியும். கருவி, பற்றரி தீர்ந்துவிட்டது என்று முடிவெடுத்து நின்றுவிடும். உள்ளே சார்ஜ் மிச்சம் இருக்கும், எடுக்க வழி இருக்காது. பற்றரிக்கு வயதாக ஆக இந்தத் தடை ஏறுகிறது. பழைய போன் 20 சதவீதம் என்று காட்டிக்கொண்டே, கமராவைத் திறந்ததும் பட்டென்று அணைந்துபோவதற்குக் காரணமும் இதுவேதான்.

இவ்வளவு கணக்கும் பெட்டியில் உள்ள எண் உண்மையாக இருந்தால்தான். அதைச் சோதிக்கத் தராசு போதும். ரோச் லைட்டுகளிலும் பல பவர் பேங்குகளிலும் இருப்பது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட உருளைக் கலம். நல்ல கலம் ஒன்று ஏறக்குறைய 47 கிராம் நிறை. அதற்குள் அடங்கக்கூடியது 3,500 மில்லி அம்பியர் மணி அளவுதான். அதே உருளையின் மேல் 9,900 என்று ஒட்டியிருந்தால் அது பொய். 30,000 பவர் பேங்குக்கு இப்படி 9 கலம் வேண்டும். கலங்கள் மட்டுமே 400 கிராமைத் தாண்டும். கடைக்காரர் நீட்டும் 30,000 பெட்டி 200 கிராம் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம். அப்படியொன்று உண்மையாகவே 30,000 என்றால் 111 வாற்று மணி. கட்டுநாயக்காவில் விமானத்துக்கு அதை எடுத்துப்போக விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டியிருக்கும். அனுமதியில்லாமல் கொண்டுபோகும் எல்லை 100 வாற்று மணி. பாருங்கள், விமான நிறுவனங்கள்கூட மில்லி அம்பியரில் கேட்பதில்லை.

கொழும்பின் வெயிலும் ஒரு பக்கம் வேலை செய்கிறது. ஈயப் பற்றரி 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுளில் ஏறக்குறைய பாதியை இழக்கும். இலிதியத்துக்குச் சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்திருப்பதே பகை. பாதி சார்ஜில், குளிர்ந்த அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தால் நீண்ட நாள் இருக்கும். ஆனால் மின்வெட்டுக்கு என்று வாங்கியதைப் பாதி சார்ஜில் வைத்து என்ன செய்வது? 2022இல் அட்டவணை இருந்தது, முன்கூட்டியே நிரப்பிக்கொள்ள முடிந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடு முழுக்க இருண்டபோது யாருக்கும் முன்னறிவித்தல் இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றதால் அடுத்த நாள் முதல் ஒன்றரை மணி நேர வெட்டும் வந்தது. 2022இல் வாங்கிய பற்றரிகளுக்கு அப்போது மூன்று வயது. இலிதியத்துக்கு என் தெரிவு 70, 80 சதவீதத்தில் வைத்திருப்பது: ஆயுளும் அதிகம் போகாது, திடீர் இருட்டுக்கும் கைகொடுக்கும்.

புதிதாக வாங்கிய வாரத்திலேயே ஒரு காரியம் செய்யலாம். ரூட்டரோ ஃபேனோ, எதற்கு வாங்கினோமோ அதை மாட்டி, முழுச் சார்ஜிலிருந்து நிற்கும் வரை ஓடவிட்டு, எடுத்த நேரத்தையும் திகதியையும் ஒரு பிளாஸ்ரரில் எழுதிப் பின்பக்கம் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஓடவிட்டு அதற்குக் கீழே எழுதுங்கள். முதல் நேரத்தின் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே வந்ததும் புதியது பார்க்கலாம். மேலுறை உப்பியிருந்தால் நேரம் பார்க்கவே வேண்டாம். சார்ஜில் போடாமல், குத்தாமல், குப்பையில் எறியாமல், இலத்திரனியல் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.