தட்டித் தட்டி இறுகிய தளம்

டாக்டர் ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தது 1888-ஆம் ஆண்டு. அந்தக் காலத்தில் திருத்தணிப் பக்கத்து வசதியான வீடென்றால் வாசலில் திண்ணை, நடுவே முற்றம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு நடந்து வருபவர்கள் கால் நீட்டிப் படுக்க அந்தத் திண்ணைதான்.

உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், அதிசயம் அங்கேதான்! மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்குக் கட்டைகளின் மேல், ஓர் அங்குலக் கனமே உள்ள சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பிடிக்க வைத்தார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கம்பியும் கிடையாது, சிமென்டும் கிடையாது.

உங்கள் வீட்டில் அப்படியொரு தளம் இருந்தால், தயவுசெய்து சிமென்ட் பூசிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, கட்டைகள் உளுத்துப்போகும்.