காரில் கைத்துப்பாக்கி: எல்லைக்கு எல்லை மாறும் சட்டம்

அமெரிக்காவில் காரில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர் அதைத் தம் காரில் மறைவாகக் கொண்டுசெல்லத் தனி உரிமம் தேவையில்லை என்று டெக்சாஸ் 2007-லேயே விதித்துவிட்டது. நியூ ஜெர்சியோ பிற மாநில உரிமம் எதையும் ஏற்பதில்லை என்பதால், ஓரிடத்தில் உரிமையாக இருப்பது எல்லைப் பலகையைத் தாண்டியதும் சிறைக்குரிய குற்றமாகிவிடுகிறது.

இச்சிக்கலைத் தணிக்க 1986-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், அதாவது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான சட்டம், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் உரிமையுள்ளவர் இடைப்பட்ட மாநிலங்களைக் கடக்க இடமளிக்கிறது. ஆனால் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கி, தோட்டா இரண்டும் இருக்கையிலிருந்து எளிதில் எட்டும் நிலையிலும் இருக்கக் கூடாது. டிக்கி இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும், டேஷ்போர்டு அறை அதற்குப் போதாது. தற்காப்புக்கென எடுத்துச் செல்லும் ஆயுதம், இந்நிலையில், ஆபத்து வேளையில் கைக்கு எட்டாது என்பதே வேடிக்கை.

உரிமையாளர்கள் பலர் எண்ணிப்பாராதது நிறுத்தப்பட்ட காரைப் பற்றித்தான். அஞ்சலக வாகன நிறுத்தத்தில்கூடத் துப்பாக்கிக்குத் தடை உண்டு. காருக்குள் விட்டுச் சென்றாலோ கண்ணாடியை உடைப்பவனுக்கு அது எளிய இரை. ஆளில்லாத வாகனத்தில் கைத்துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும் என்ற கொலராடோவின் சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.