குடிசைக்கு அடியில் இரண்டு குழி

திருபுவனத்துக்குப் பட்டுப்புடவை வாங்கப் போவதென்றால் எந்த வீட்டு அம்மாளுக்குத்தான் முதல் நாள் இரவு தூக்கம் வரும்? போன மாதம் என் மனைவிக்குத் துணையாக நானும் போயிருந்தேன். புடவைக் கடையில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது? "பில் வரும்போது கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கும் திருவிடைமருதூருக்கு நழுவிவிட்டேன். அங்கே என் அத்தை இருக்கிறாள். எண்பதைத் தாண்டியவள். ஒரு காலத்தில் மிராசுதார் வீடு. இப்போது திண்ணையும் முற்றமும் பரணில் ஒரு மரக்காலும்தான் மிச்சம்.

காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"வாசல் வழியா வான்னு எத்தனை தடவைதான் சொல்றது?" என்றாள் அத்தை.

"காலு பழகிப் போச்சும்மா" என்று சிரித்தாள் கிழவி.

அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது. அவளுடைய தகப்பனார் இந்த வீட்டுப் பண்ணையாள்.

பண்ணையாள் என்றால் யார் என்று இன்றைய குழந்தைகளைக் கேட்டால் விழிக்கும். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய கடனுக்காக, தலைமுறை தலைமுறையாக ஒரே மிராசுதாரிடம் உழைத்தவன் பண்ணையாள். அவன் ஏர் ஓட்ட, மனைவி நாற்று நட்டுக் களை எடுக்க, பிள்ளை மாடு மேய்ப்பான். கூலி நெல்லாக அளக்கப்படும். தவறு செய்தான் என்று தோன்றினால் சாட்டையடி. அதற்கு மேல் சாணிப்பால். சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். எழுதவே கை கூசுகிறது.

ஏன் அவர்கள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? காரணம் காலுக்கடியிலேயே இருந்தது. குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது. தஞ்சாவூர்க் கணக்கில் நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. வேலி வேலியாக விளைவித்தவனுக்கு, தான் படுத்துறங்கும் இரண்டு குழி கூடச் சொந்தமில்லை. இன்று எதிர்த்துப் பேசினால் நாளைக்கு மண்சட்டியும் பாயும் தெருவில்.

இந்த நிலையைக் கலைக்க 1943-இல் வந்து சேர்ந்தார் கன்னட நாட்டுக்காரரான பி. சீனிவாச ராவ். கம்யூனிஸ்ட். மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் பிறந்தது. நிலம் கொடு என்று கேட்பதற்கு முன், அடிக்காதே என்றுதான் கேட்க வேண்டியிருந்தது! 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சாட்டையும் சாணிப்பாலும் விலக்கப்பட்டன.

பெரிய பண்ணைகள் இருந்த மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் பக்கத்தில்தான் தீ மூண்டது. திருவிடைமருதூர்ப் பக்கம் அவ்வளவு இல்லை. "அந்தப் பக்கத்து மனுஷாள் யாராவது வந்தா, பெரியவா குரலைத் தாழ்த்திண்டுதான் பேசுவா" என்றாள் அத்தை.

அப்படித் தாழ்ந்த குரலில் பேசப்பட்ட பெயர்களில் ஒன்று, மணலூர் மணியம்மை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு, இளமையிலேயே கணவனை இழந்தவர். திருவாரூர்ப் பக்கத்து மணலூரில் பண்ணையைக் கவனித்துக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்கலாம். அவரோ சேரிக்குள் போனார். முதலில் காங்கிரஸ், பிறகு கம்யூனிஸ்ட் கட்சி. தலைமுடியைக் கத்தரித்து, புடவையை விட்டு வேட்டியும் அரைக்கைச் சட்டையும் அணிந்து, சைக்கிளில் ஊர் ஊராகப் போனார். சிலம்பம் கற்றார், சிறைக்கும் போனார். 1953-இல் ஒரு மான் முட்டி இறந்தார். அது வெறும் விபத்தல்ல என்று நம்புகிறவர்கள் உண்டு. ராஜம் கிருஷ்ணன் அவரைப் பற்றி எழுதிய நாவல் 'பாதையில் பதிந்த அடிகள்'. படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

அதற்கு முந்தின ஆண்டு, 1952 ஆகஸ்டில், ராஜாஜி மந்திரிசபை தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் வைத்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தியது. குத்தகைக்காரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளை நினைத்தபடி விலக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் மிராசுதார்களில் பலர் பண்ணையாள் முறையையே கைவிட்டு, தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். அடிமை விலங்கு போயிற்று. அதோடு நிரந்தர வேலையும் போயிற்று. மனைக்கட்டு மட்டும் பழையபடி மிராசுதாருடையதாகவே இருந்தது.

1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் நடந்ததை விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. கூலிப் போராட்டத்தின் பகை. ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீயில் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973-இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தது.

இடையில், 1971-இல், குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றது அது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் வீட்டை விட்டுத் துரத்தப்படுவோம் என்ற பயமில்லாமல் கூலி கேட்க முடிகிற முதல் தலைமுறை அங்கேதான் ஆரம்பம். வெண்மணிக்குப் பின் இந்தப் பக்கம் வந்து தங்கிய கிருஷ்ணம்மாள், கணவர் ஜெகந்நாதனோடு 1981-இல் 'லாஃப்டி' இயக்கத்தைத் தொடங்கினார். மிராசுதார்களிடம் நிலத்தைப் பேசி வாங்கி, உழைப்பவர்களுக்கு எழுதிவைத்தார். எழுதியது ஆண்கள் பேரில் அல்ல, பெண்கள் பேரில்! சாராயக் கடைக்கு அடகு போகாத கை எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கிழவி பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். மனைப் பட்டா. மடிப்புகளில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது.

"அவரு பேருல இருக்குங்க. அவரு போயிட்டாரு. என் பேருக்கு மாத்தணும். மனு எழுதித் தாங்க."

"பையன்கள் பேரில் மாற்றவில்லையா, பாட்டி?"

"அவனுங்க நாளைக்கே வித்துடுவானுங்க. எனக்கப்புறம் மவளுக்கு."

அத்தை எழுந்து போய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்தாள். கிழவியை ஊஞ்சலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுதினேன். பேர், ஊர், சர்வே எண், வாரிசுச் சான்றிதழ் இணைப்பு. பாதி எழுதும்போது செல்போன் அடித்தது. பில் வந்துவிட்டதாம்.

"கொஞ்சம் பொறு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, விஸ்தீரணம் என்ற இடத்துக்கு நேரே எண்ணைச் சரிபார்க்கப் பட்டாவை வெளிச்சத்தில் பிடித்தேன்.