வெளிநாட்டு ஹோட்டல் வேலை: ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

மசினகுடியில் பலருக்கும் ரிசார்ட்டும் ஜீப் சஃபாரியும்தான் பிழைப்பு. யானை வழித்தட வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் பல ரிசார்ட்டுகளுக்கு சீல் விழுந்தது. இந்த ஹோட்டல் அனுபவத்தை வைத்து வளைகுடாவுக்குப் போக நினைத்தால், ஏஜென்ட் முதலில் கேட்பது பணம்தான்.

பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், கூடவே 18% ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. அதுவும் ரசீதோடு. 'ஒன்றரை லட்சம், கேஷா கொடுங்க' என்றால் அங்கேயே எழுந்துவிடலாம். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவில்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே குற்றம். பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம்.

அடுத்து, ஹோட்டலுக்கே நேராக ஒரு மெயில்: 'இந்த ஏஜென்ட் உங்களுக்காகத்தான் ஆள் எடுக்கிறாரா?' முகவரியை ஹோட்டலின் சொந்த இணையதளத்திலிருந்து எடுங்கள். ஏஜென்ட் தந்த முகவரிக்கு அனுப்பினால் பதிலும் அவரே போடுவார்!

'டூரிஸ்ட் விசாவுல ஏறுங்க, அங்க போய் மாத்திக்கலாம்' என்றால் வேண்டவே வேண்டாம். 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப்போன தமிழ் இளைஞர்கள், மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள்.