குளத்து வாடையும் காசாகும், கணக்குத் தெரிந்தால்!

செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வாசகர்களுக்குக் கழிவுநீர்க் குளத்தின் வாடையைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காற்று திரும்பினால் அடுப்படி வரை வந்துவிடும். அந்த வாடையோடு சேர்ந்து குமிழியிட்டு வெளியேறுவது மீத்தேன் என்னும் எரிவாயு. குளத்தை மூடி, அதைக் குழாய் வழியே பிடித்தால், இயந்திரத்தை ஓட்டி மின்சாரம் எடுக்கலாம். ஒரு டன் பழக்குலையை ஆலையில் போட்டால் அரை கனமீட்டருக்கு மேல் கழிவுநீர் வருகிறது. ஆகவே சரக்குக்குப் பஞ்சமில்லை, முதலுக்குத்தான் பஞ்சம்.

இந்த முதலுக்கு மலேசிய அரசாங்கம் எப்படிக் கைகொடுத்தது? நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

2001இல் சிறு மின் உற்பத்தித் திட்டம் தொடங்கிற்று. நாட்டு மின்சாரத்தில் 5 விழுக்காட்டைக் கழிவு, சிற்றாறு, வெயில் போன்றவற்றிலிருந்து எடுக்க நினைத்தார்கள். ஆனால் 2005இன் முடிவில் மின்கம்பிக்கு வந்து சேர்ந்ததோ 12 மெகாவாட் மட்டுமே! மின்சாரத்திற்குக் கிடைத்த விலை கட்டுபடியாகவில்லை; வங்கிகளும் கடன் கொடுக்கத் தயங்கின.

அந்தப் பாடத்திற்குப் பிறகு வந்ததே 2011ஆம் ஆண்டுச் சட்டம். சீடா என்னும் ஆணையம் அமைந்தது. அனுமதி பெற்றவர் தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதலான விலை நிச்சயிக்கப்பட்டது. கழிவு வாயுவுக்கு 16 ஆண்டு, சூரிய ஒளிக்கு 21 ஆண்டு ஒப்பந்தம். இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? மின்கட்டணத்தில் 1 விழுக்காடு வசூலித்தார்கள். 2014இல் அது 1.6 ஆயிற்று. மாதம் 300 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு விலக்கு அளித்தார்கள். அதற்கு மேல் செலவிட்ட ஒவ்வொரு குடும்பத்தின் காசும் இதில் இருக்கிறது.

அடுத்தது கடன். 2010இல் 150 கோடி வெள்ளியில் பசுமைத் தொழில்நுட்பக் கடன் திட்டம் தொடங்கியது. வட்டியில் 2 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்றது; கடனில் 60 விழுக்காட்டுக்கு உத்தரவாதமும் தந்தது. விதிகள் பின்னர் பலமுறை மாறியுள்ளன. ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள்: உத்தரவாதம் வங்கிக்குத்தான், கடன் வாங்கியவருக்கு அல்ல. தொழில் நொடித்தாலும் கையெழுத்துப் போட்டவர் தலையில் கடன் நிற்கும்.

மூன்றாவது வரிச்சலுகை. 2014ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பசுமை முதலீட்டு வரிச்சலுகை அறிவிக்கப்பட்டது. இது ரொக்கமாகக் கைக்கு வராது. இலாபம் கண்டு வரி கட்டுகிறவருக்கே பயன்படும்.

கவனித்தீர்களா? இந்த மூன்றில் எதுவும் இனாம் அல்ல. ஒன்று மின்சாரம் கொடுத்த பிறகு. ஒன்று திருப்பிக் கட்ட வேண்டியது. ஒன்று இலாபம் வந்த பிறகு. எனவே, "அரசாங்கப் பணம் வருகிறது, பங்கு போடுங்கள்" என்று எவரேனும் உங்கள் சேமநிதிப் பணத்தைக் கேட்டு வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். அனுமதிக் கடிதம் எங்கே? மின்சாரத்தை வாங்கும் ஒப்பந்தம் எங்கே? கடனுக்குக் கையெழுத்துப் போடுவது யார்? தாளைக் காட்டாதவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் நமக்கு இதில் இடமே இல்லையா? உண்டு. மின் நிலையங்களுக்கும் கூரைமேல் சூரியத் தகடு பொருத்துவதற்கும் ஆள் வேண்டும். எரிசக்தி ஆணையம் வழங்கும் வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு இதில் வழி திறக்கும். நாலு காசு அனுபவம் சேர்ந்த பிறகு சொந்தமாகத் தொழில் செய்ய நினைத்தால், டெக்குன் நிறுவனத்தில் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே ஸ்புமி கடன் திட்டம் இருக்கிறது. அதுவும் கடன்தான், தவணையைக் கணக்குப் போட்டே வாங்குங்கள்.

ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த வாரமே தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள். பெரிய முதல் இல்லாத வீட்டுக்கு அந்தச் சான்றிதழே முதல்.